சீட்டு எழுதுகிறவர்கள் மேல் ஏன் இந்த ஏளனம்?

நம் இலக்கியச் சூழலில் ஒரு செயலைத் தள்ளி வைக்க மூன்று சொற்கள் போதும்: விளையாட்டு, பொழுதுபோக்கு, வணிகம். மூன்றும் சேர்ந்து ஒன்றின் மேல் விழுந்துவிட்டால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டிய கடமையிலிருந்து நாம் விடுதலை பெற்றுவிடுகிறோம். டிரேடிங் கார்டு விளையாட்டுகளுக்குச் சொந்தமாகச் சீட்டுகள் வடிவமைக்கும் பழக்கத்துக்கு நேர்ந்திருப்பது இதுதான். தமிழ் முதுகலை படித்தவன், வகுப்பில் யாப்பருங்கலக்காரிகை நடத்துகிறவன், மாலை நேரத்தில் உட்கார்ந்து இதை ஏன் செய்கிறான் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காரிகை நடத்துகிறவன் என்பதால்தான் செய்கிறேன் என்பது என் பதில். அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வேடிக்கை இல்லை என்பதை நிறுவவே இக்கட்டுரை.

சீட்டாட்டம் என்றதும் நம்மவர்க்கு ரம்மியும் காசும் நினைவுக்கு வரும். நான் பேசுவது வேறொன்றை. 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சிறு நிறுவனம் ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற கல்லூரி ஆசிரியர். ஆல்ஃபா எனப்படும் அதன் முதல் பதிப்பில் 295 சீட்டுகள் இருந்தன. இன்று வெவ்வேறான சீட்டுகளின் எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டிவிட்டது. இந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் பொதுவான சீட்டுக்கட்டு கிடையாது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சீட்டுகளைத் தேர்ந்து, குறைந்தது 60 கொண்ட கட்டு ஒன்றை அமைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நிலங்களிலிருந்து ‘மானா’ என்னும் ஆற்றல் பிறக்கிறது. அதைச் செலவிட்டு உயிரிகளையும் மந்திரங்களையும் களத்தில் இறக்கி, எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளை அழிக்க முயல்வதே ஆட்டம்.

ஆட்டத்தைவிட எனக்கு முக்கியமானது சீட்டின் அமைப்பு. உள்ளங்கை அளவுச் செவ்வகம். அதில் ஒரு பெயர், விலை, படம், வகை, இரண்டு அல்லது மூன்று வரிகளில் ஒரு விதி, உயிரியாக இருந்தால் வலிமையும் தாங்குதிறனும் குறிக்கும் இரண்டு எண்கள். இடம் மிஞ்சினால் சாய்வெழுத்தில் ஒரு வாசகம். அவ்வளவுதான். ஆர்வலர்கள் இந்தச் செவ்வகத்தைத் தாங்களே எழுதிப் பார்க்கிறார்கள். ‘மேஜிக் செட் எடிட்டர்’ போன்ற இலவச மென்பொருளில் அச்சுச் சீட்டைப் போலவே அமைப்பவர்கள் உண்டு. துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் பழைய சீட்டின் உறைக்குள் செருகி ஆடிப் பார்ப்பவர்களும் உண்டு. சிலர் ஒரு சீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; சிலர் 200, 250 சீட்டுகள் கொண்ட முழுத் தொகுதியை ஆண்டுக்கணக்கில் செதுக்குகிறார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, ‘இதில் கற்பனைக்கு எங்கே இடம்? எல்லாம் விதியாயிற்றே’ என்பது. சொல்கிறவர் பெரும்பாலும் கவிஞராக இருக்கிறார். யாப்பு உடைந்து விடுதலை பிறந்தது என்ற வரலாற்றை நாம் திரும்பத் திரும்பச் சொல்லி, விதி என்பதே கற்பனையின் பகை என்று நம்பத் தொடங்கிவிட்டோம். குறள் வெண்பாவுக்கு ஏழு சீர்; வெண்டளை பிறழக் கூடாது; ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். இந்த நெருக்கடிக்குள்தான் 1,330 குறள்கள் எழுந்தன. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்ன அவைகளும் நாகபந்தமும் தேர்பந்தமும் வரைந்த சித்திரகவிகளும் நம்முடையவைதாம். அவற்றில் பலவும் வெறும் வித்தை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வித்தை என்று சொல்லவும் நமக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டுமே!

விதிக்குள் கற்பனை என்ன செய்யும் என்பதற்கு ஆல்ஃபா பதிப்பிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கார்ஃபீல்ட் ஐந்து நிறங்களுக்கும் ஒரே வாய்பாட்டில் ஐந்து மந்திரங்கள் எழுதினார். ஒரு மானா கொடு, மூன்று பெறு. வெண்மையின் ஹீலிங் சால்வ் மூன்று உயிர்ப்புள்ளிகளைத் தரும், அல்லது மூன்று சேதத்தைத் தடுக்கும். நீலத்தின் ஆன்சஸ்ட்ரல் ரீகால் மூன்று சீட்டுகளை எடுக்கவைக்கும். கறுப்பின் டார்க் ரிச்சுவல் மூன்று மானா தரும். சிவப்பின் லைட்னிங் போல்ட் மூன்று சேதம் விளைக்கும். பச்சையின் ஜயன்ட் குரோத் ஓர் உயிரிக்கு அந்த முறை முடியும்வரை மூன்று வலிமையும் மூன்று தாங்குதிறனும் கூட்டும். தாளில் பார்த்தால் ஐந்தும் சரிநிகர். ஆடிப் பார்த்தால் ஹீலிங் சால்வை யாரும் கட்டில் சேர்ப்பதில்லை. ஆன்சஸ்ட்ரல் ரீகாலோ 1993-க்குப் பிறகு போட்டிக்குச் செல்லுபடியாகும் காகித அச்சில் வரவே இல்லை. அனுமதிக்கப்படும் வின்டேஜ் வகை ஆட்டத்திலும் கட்டுக்கு ஒன்றுதான் வைக்கலாம். மூன்று என்ற எண் ஒன்றுதான். ஆனால் உயிர்ப்புள்ளியின் மூன்றும் சீட்டின் மூன்றும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் அடியில் வழிந்தோடும் வளம் சீட்டுதான் என்பதை ஆட்டக்காரர்கள் ஆடித்தான் கண்டுகொண்டார்கள். ஒரே வாய்பாட்டுச் சீர்கள் இரண்டு, தளை பிசகாமல் அமைந்தும் ஒன்று ஒலித்து ஒன்று செத்துக் கிடப்பதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இந்த ஐந்து நிறங்களுக்கும் ஐந்து நிலங்கள் உண்டு: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. தமிழ் படித்தவன் திடுக்கிடும் இடம் இது. தற்செயலான ஒற்றுமை, இதைக் கொண்டு எவரும் தொல்காப்பியத்தை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யப் புறப்பட வேண்டாம். ஆனால் வேலை செய்யும் முறையில் ஒற்றுமை மெய்யாகவே இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய ஒழுக்கம் உண்டு. வெண்மைக்கு ஒழுங்கும் காப்பும். நீலத்துக்கு அறிவும் தடுப்பும். கறுப்புக்கு எதை விலையாகக் கொடுத்தேனும் பெறும் ஆற்றலும் மரணமும். சிவப்புக்கு வேகமும் வெறியும். பச்சைக்கு வளர்ச்சியும் பெருவிலங்கும். நீலம் சிவப்பைப் போல் நெருப்பு வீசினால் அது பிழை. கொஞ்சம் வளைத்துத் தன் முறையிலேயே அதைச் சாதித்தால் ஏற்கலாம். ‘வளைவு’, ‘முறிவு’ என்று அவர்கள் இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் இலக்கணத்தில் வழுவமைதி, வழு. எது வழு, எது வழுவமைதி என்று இந்த ஆர்வலர்கள் இரவு முழுவதும் சண்டையிடுவார்கள். சொற்களுக்கு நெறி உண்டு, நெறிக்கு விலக்கு உண்டு, விலக்குக்கும் காரணம் வேண்டும் என்று நம்புகிறவர்களின் சண்டை அது. அப்படியொரு சண்டையை நம் கவியரங்கு ஒன்றில் கடைசியாக எப்போது கேட்டோம்?

*

ஒரு சீட்டு எப்படித் திருத்தப்படுகிறது என்பதைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். புதியவர் ஒருவர் பச்சை நிறத்தில் இரண்டு மானா விலைக்கு ஓர் உயிரியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலிமை 2, தாங்குதிறன் 2. அதன் விதி: ‘எந்த உயிரி இறந்தாலும் ஒரு சீட்டை எடு.’ ஒரே வாக்கியம், பிழையற்ற மொழி. இப்போது கேள்விகள் வரும்.

‘எந்த உயிரி’ என்றால் எதிராளியின் உயிரியும் சேருமா? சேரும் என்றால் நீ ஒன்றும் செய்யாமலே சீட்டு குவியும். இந்த உயிரியே இறந்தாலும் சீட்டு உண்டா? இல்லை என்றால் ‘வேறு’ என்ற சொல் வேண்டும். சீட்டாக இல்லாமல் அடையாள வில்லையாக மட்டும் களத்தில் நிற்கும் ‘டோக்கன்’ உயிரிகளை ஒரே மந்திரத்தால் நாலைந்தாக உண்டாக்கலாமே, அவை இறந்தாலும் சீட்டு கிடைக்குமா? கிடைத்தால் இரண்டு மானாவுக்கு இது கொள்ளை. ‘எடு’ என்றா சொல்கிறாய், ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்றா? எடுக்க வேண்டிய வேளையில் கட்டில் சீட்டு இல்லையென்றால் ஆட்டக்காரர் தோற்றுவிடுவார். ஏவலுக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாடு இங்கே ஓர் ஆட்டத்தின் முடிவு. பிறகு, மரணத்திலிருந்து ஆதாயம் பெறுவது கறுப்பின் ஒழுக்கமாயிற்றே, பச்சைக்கு இது எப்படிப் பொருந்தும்? கடைசியாக ஒருவர் மெல்லச் சொல்வார்: கறுப்பில், மூன்று மானாவுக்கு, டோக்கன் அல்லாத உன் வேறு உயிரி இறந்தால் ஒரு சீட்டு என்று 2014இல் வெளியான கான்ஸ் ஆஃப் தார்கிர் தொகுதியிலேயே ‘கிரிம் ஹரஸ்பெக்ஸ்’ என்ற சீட்டு இருக்கிறதே, பார்த்தாயா?

ஆறு கேள்விகள். ஒன்றுகூட ‘அருமை’ என்றோ ‘மனத்தைத் தொட்டது’ என்றோ சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சொல்லின் மேல் விரல் வைக்கிறது. எழுதியவர் வீட்டுக்குப் போய் மீண்டும் எழுதுகிறார். சில எழுத்துகளில் பல பொருளை, கண்ணாடியில் உருவம் தெரிவதுபோல் தெளிவாக அடக்க வேண்டும் என்று நன்னூலார் நூற்பாவுக்கு வரையறை சொன்னார். அந்த வரையறையை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். இவர்கள் பெயர்கூடக் கேள்விப்படாமல் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

அச்சுச் சீட்டுகளின் மொழியும் இதே திசையில் நகர்ந்திருக்கிறது. ‘களத்திலிருந்து இடுகாட்டுக்கு அனுப்பப்படும்போது’ என்று நீட்டி எழுதிவந்ததை 2011இல் ‘இறக்கும்போது’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கினார்கள். ‘களத்தில் நுழையும்போது’ என்பது 2024இல் ‘நுழையும்போது’ ஆயிற்று. ஒரு சொல்லை வெட்ட முப்பது ஆண்டு காத்திருந்தார்கள். காரணம், வெட்டினால் எந்தப் பழைய சீட்டின் பொருள் கெடும் என்று பார்க்க வேண்டியிருந்தது. 200 பக்கங்களைத் தாண்டும் விதிநூல் ஒன்று அதற்குப் பின்னால் நிற்கிறது.

சொல்லைச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2004 தொடக்கத்தில் டார்க்ஸ்டீல் தொகுதியில் ‘ஸ்கல்கிளாம்ப்’ என்ற ஆயுதம் வந்தது. பூட்டிக்கொண்ட உயிரிக்கு வலிமை ஒன்று கூடும், தாங்குதிறன் ஒன்று குறையும். அந்த உயிரி இறந்தால் இரண்டு சீட்டு. கடைசி நேரத்தில் மாற்றப்பட்ட எண்கள் அவை. தாங்குதிறன் ஒன்றே உள்ள சிறு உயிரிக்குப் பூட்டினால் உடனே செத்துவிடும். ஒரு மானாவுக்கு இரண்டு சீட்டு. குறைபாடாகத் தெரிந்த கழித்தல் குறியே சீட்டின் முழு வலிமையாகிவிட்டது. அதே ஆண்டு ஜூனில் தடை செய்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2024 ஜூனில் வெளியான மாடர்ன் ஹரைசன்ஸ் 3 தொகுதியின் ‘நாடு’ என்ற பறவைச் சீட்டுக்கும் அதே கதை. ஆகஸ்டில் மாடர்ன் வகை ஆட்டத்தில் தடை. அதன் இறுதி வடிவம் ஆடிச் சோதிக்கப்படவில்லை என்று வடிவமைப்பாளரே பொதுவில் எழுதினார். சம்பளம் வாங்கும் வல்லுநர்களுக்கே இந்த நிலை என்றால், இதை எளிய வேலை என்பவர்கள் எதை வைத்து அளக்கிறார்கள்?

*

இரண்டாவது மறுப்பு வணிகம். இதில் உண்மை உண்டு, மறைக்கப் போவதில்லை. 1999இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் விஸார்ட்ஸை வாங்கிக்கொண்டது. 2022இல் இந்த ஒரு விளையாட்டின் ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத உறைகளை விற்பது லாட்டரிக்குப் பக்கத்து வீடு. அபூர்வம் என்று செயற்கையாக ஒரு தட்டுப்பாட்டை உண்டாக்கி விலை ஏற்றுவதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் கவனியுங்கள். இத்தனை பெரிய சந்தையில் விற்பனைக்கு இல்லாத மூலை எது? ஆர்வலர் தாமே எழுதும் சீட்டுதான். அதைப் போட்டியில் ஆட முடியாது. நிறுவனத்தின் உரிமைப் பொருள்களை எடுத்தாளும் ரசிகர் படைப்புகள் இலவசமாகவே கிடைக்க வேண்டும் என்பது அந்நிறுவனமே வகுத்த நெறி. இன்னும் விந்தை ஒன்று உண்டு. கேட்காமல் வரும் சீட்டு வடிவங்களை நிறுவன வடிவமைப்பாளர்கள் படிக்கவே கூடாது. பின்னால் உரிமை வழக்கு வரும் என்ற அச்சம். தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அச்சிடும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவருக்கே வாசிக்கத் தடை. பதிப்பாளரின் கண்ணில் படவே படாது என்று தெரிந்தும் ஒருவர் ஒரு வாக்கியத்தைப் பன்னிரண்டு முறை திருத்துகிறார் என்றால், அவரை வணிகத்தின் அடிமை என்று சொல்ல நமக்கு வாய் கூச வேண்டும். விருதுப் பட்டியலைப் பார்த்து நாவலின் பக்க எண்ணிக்கையை முடிவு செய்கிறவர்கள் உள்ள ஊரில் நின்று சொல்கிறோம் இதை.

மூன்றாவது மறுப்பு பயன். ‘அச்சில் வராது, காசு வராது, பெயர் வராது, எதற்கு?’ இதற்குச் சில ஆர்வலர்கள் எதிர்ச்சான்று காட்டுவார்கள். 2006இல் விஸார்ட்ஸ் வடிவமைப்பாளர் தேர்வு ஒன்றை நடத்தியது, 2010இல் மீண்டும், 2017இல் மூன்றாம் முறை. இரண்டாம் தேர்வில் வென்ற ஈதன் ஃபிளைஷர் அப்போது உருவாக்கிய ‘இவால்வ்’ என்ற திறன் 2013இல் கேட்கிராஷ் தொகுதியில் அச்சேறியது. தன்னைவிடப் பெரிய உயிரி ஒன்று நம் பக்கம் வந்து சேரும்போது தானும் ஒரு படி வளரும் உயிரி. பெயரும் செயலும் ஒன்றாகிவிட்ட அழகான வடிவம். முன்னாள் சாம்பியன் பாப் மாஹர் வென்ற அழைப்புப் போட்டியின் பரிசாக வந்த ‘டார்க் கான்ஃபிடன்ட்’ சீட்டையும் காட்டலாம்.

இந்தச் சான்றுகளை நான் பயன்படுத்த விரும்பவில்லை. அச்சேறியவர் ஒருவர் என்றால் அச்சேறாதவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரின் வேலைக்கு மதிப்பு, பரிசு கிடைத்த ஒருவரால் வர வேண்டியதில்லை. வெளிவராத கவிதை நோட்டு வைத்திருப்பவரிடம் ‘எதற்கு?’ என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை இவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

சீட்டு கவிதை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது துக்கத்தைச் சுமக்காது. ஒரு மனத்தின் உள்ளே நம்மை அழைத்துச் செல்லாது. அடியில் சாய்வெழுத்தில் வரும் வாசகங்களில் பெரும்பாலானவை அலங்காரம். சூத்திரத்துக்கும் விடுகதைக்கும் பக்கத்தில் வைக்க வேண்டிய வடிவம் அது. அந்த இடம் போதும். அது சிறிய இடமும் அல்ல.

*

எங்கள் தரப்பாரிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பழக்கத்தைக் கேவலமாக்குகிறவர்கள் வெளியில் மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் வெல்லும் சீட்டை எழுதிவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் ஒரு வகை. விலை குறைவு, வலிமை அதிகம், அழிக்கவே முடியாது. ஆட்டம் நடக்கவே விடாத சீட்டு அது. எதிரே ஒரு மனிதர் அமர்ந்து ஆடுவார் என்ற நினைவே எழுதியவருக்கு இல்லை. வாசகனை மறந்த நாவலாசிரியருக்கு நாம் சொல்வதையே இவருக்கும் சொல்ல வேண்டும்.

கண்ட இடத்தில் கிடைத்த ஓவியத்தை எடுத்துப் போட்டு, வரைந்தவர் பெயரை விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு வகை. அச்சிட்ட ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஓவியர் பெயர் இருக்கிறது. நிறுவனம் செய்யும் மரியாதையைக்கூட ஆர்வலர் செய்யவில்லை என்றால் அன்பின் பெயரால் இதைச் செய்கிறோம் என்று சொல்ல உரிமையில்லை.

புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. 2015 வாக்கில் நரம்பு வலையமைப்பு ஒன்றைச் சீட்டுகளைக் கொண்டு பயிற்றி, அது உளறியவற்றை ‘ரோபோரோஸ்வாட்டர்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். அப்போது சிரித்தோம், உளறலில் சில வேளை அபூர்வமான அழகும் இருந்தது. இன்று மொழி மாதிரிகளிடம் கேட்டால் இலக்கணம் பிசகாத நூறு சீட்டுகளை நிமிடங்களில் தரும். அவற்றைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். கருவி வெட்டவேண்டியதை வெட்டட்டும். எனக்கு அதில் பகை இல்லை. ஆனால் அந்த நூறில் ஒன்றையேனும் காகிதத்தில் எழுதி, எதிரே ஒருவரை உட்காரவைத்து, ஆடித் தோற்றுப் பார்த்தாயா என்று கேட்டால் பதில் இல்லை. தான் ஆடாத சீட்டை மற்றவர் படித்துத் திருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது பிறர் நேரத்தைத் திருடுவது. ஆறு கேள்விகள் கேட்கிற அந்த ஆறு பேர்தான் இந்தப் பழக்கத்தின் செல்வம். அவர்கள் சலித்து எழுந்து போய்விட்டால் மிஞ்சுவது படம் ஒட்டிய செவ்வகங்கள் மட்டுமே.

இலக்கிய நண்பர்களுக்கு முடிவாக ஒன்று. நம்மிடம் வெளியீட்டு விழா இருக்கிறது, வாழ்த்துரை இருக்கிறது, ஏற்புரை இருக்கிறது. ஒரு வரியை எடுத்துவைத்து ‘இந்தச் சொல் இங்கே என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்கும் ஆறு பேர் நம்மில் எத்தனை கவிஞர்களுக்கு வாய்த்திருக்கிறார்கள்? கேட்டால் நட்பு முறிகிறது. சீட்டு எழுதும் பதினெட்டு வயதுப் பையனோ அந்தக் கேள்வியைத் தானே போய் வாங்கிக்கொண்டு வருகிறான். அவனை ஏளனம் செய்வதற்கு முன் ஒரு மாலை செலவிடுங்கள். ஒரு மானா விலை, ஒரு வாக்கியம். எழுதிப் பாருங்கள். எழுதியதை அவனிடமே கொடுத்து, என்ன பிழை என்று கேளுங்கள்.